செஞ்சிக் கோட்டையை நம்பி நடந்த ஒரு கிளை அலுவலகம்: புதுச்சேரியை உருவாக்கிய பிரான்சுவா மார்ட்டின் யார்?

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. அந்தப் பட்டியலில் உள்ள 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். அப்போதிருந்து சிவாஜி, ராஜாராம் கதைகளை எல்லாரும் தேடித் தேடிப் படிக்கிறாங்க. ஆனா இந்தக் கோட்டையில யார் ஆட்சி நடத்துறாங்க என்பதை, 70 கிலோமீட்டர் தள்ளி கடற்கரையில் உட்கார்ந்து கவலையோடு கவனித்துக்கொண்டே இருந்த ஒருவர் உண்டு. பெயர் பிரான்சுவா மார்ட்டின். பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்.

1634-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா வசதியான மளிகை வியாபாரி. ஆனால் முறையான திருமணத்தில் பிறக்காத பிள்ளை என்பதால் சொத்து எதுவும் கைக்கு வரவில்லை. மளிகைக் கடையில் வேலை பார்த்தார். 1664-ல் பிரெஞ்சு கம்பெனி தொடங்கியதும் அதில் சேர்ந்து, அடுத்த வருஷமே கப்பல் ஏறிவிட்டார். மனைவியை பாரிஸிலேயே விட்டுவிட்டு வந்தவர், பல வருஷம் அவரைப் பார்க்கவே முடியவில்லை. மடகாஸ்கர், சூரத், மசூலிப்பட்டினம் என்று சுற்றி, 1674-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

அப்போ புதுச்சேரி நகரமே கிடையாது, ஒரு கடலோரக் கிராமம். சென்னையில் சாந்தோமைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள், கோல்கொண்டா படையிடமும் டச்சுக்காரர்களிடமும் சிக்கித் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்கு ஒதுங்க ஒரு இடம் கொடுத்தவர் ஷேர்கான் லோடி. இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் வாலிகண்டபுரத்தில் இருந்துகொண்டு, பீஜப்பூர் சுல்தானின் பிரதிநிதியாக ஆண்டவர். 1674 செப்டம்பரில் சாந்தோம் கையை விட்டுப் போனதும், இந்தக் கரையில் பிரெஞ்சுக் கம்பெனிக்கு மிஞ்சியது மார்ட்டின் பார்த்துக்கொண்ட இந்தச் சின்ன இடம்தான்.

துணி வியாபாரம் எப்படி நடந்தது?

கம்பெனிக்குத் தேவைப்பட்டது தமிழ்நாட்டுப் பருத்தித் துணி. நெசவாளர்கள் கையில் முதல் இருக்காது. நூல் வாங்கவே முன்பணம் கொடுக்கணும். துணி தயாரானாலும் அது கடற்கரைக்கு வர வழியெல்லாம் சுங்கச் சாவடிகள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இந்தக் கரையில் கப்பல் நிற்க முடியாது. அதற்குள் சரக்கு ஏறியாகணும். உள்நாட்டில் ஒரு சண்டை வந்து பாதை அடைபட்டால் அந்த வருஷ வியாபாரம் அவ்வளவுதான்.

பாரிஸில் இருந்து பணமும் ஒழுங்காக வராது. தலைமை அலுவலகம் மறந்துபோன கிளை மாதிரிதான். அதனால் மார்ட்டின் உள்ளூர் ஆட்களை நம்பினார். பூந்தமல்லியைச் சேர்ந்த தானப்ப முதலியாரை வரவழைத்து, கம்பெனிக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவில் தரகராக வைத்தார். பின்னாளில் புதுச்சேரியில் செல்வாக்கோடு இருந்த கனகராய முதலியார் இந்தக் குடும்ப வழியில் வந்தவர்தான்.

இன்னொரு பக்கம், ஷேர்கானுக்கே கடன் கொடுத்தார். ஆட்சியாளர் நமக்குக் கடன்பட்டிருந்தால் பாதுகாப்பு என்பது கணக்கு. அந்தக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது.

1677: செஞ்சியில் சிவாஜி

செஞ்சியை அப்போது ஆண்ட நாசிர் முகமதுவும் பீஜப்பூர் அதிகாரிதான். ஆனால் அவருக்கும் ஷேர்கானுக்கும் ஆகவே ஆகாது. இந்தச் சண்டையில் மார்ட்டின் ஷேர்கான் பக்கம் நின்று உதவியும் செய்திருந்தார். இந்த நேரத்தில்தான் சிவாஜி தெற்கே வந்தார். 1677-ல் செஞ்சி அவர் கைக்குப் போனது. சில வாரங்களிலேயே திருவதிகை பக்கம் ஷேர்கான் தோற்று ஓடி, கடைசியில் சரணடைந்தார்.

மார்ட்டினுக்கு இது இக்கட்டான நேரம். கடன் கொடுத்த ஆள் காலி. எதிரணிக்கு உதவியவர் என்ற பேர் வேற. சண்டை போட ஆளும் இல்லை, ஓடினால் திரும்பி வர இடமும் இல்லை. அவர் ஒரு பிராமணத் தூதரை சிவாஜியிடம் அனுப்பினார். எதிரிகளுக்கு உதவக் கூடாது, நடுநிலையாக இருக்கணும் என்ற நிபந்தனையோடு தொடர்ந்து தங்க அனுமதி கிடைத்தது. வியாபாரம் நடந்தால் சுங்க வருமானம் வரும் என்பது எந்த ஆட்சியாளருக்கும் தெரிந்ததுதானே!

சிவாஜி செஞ்சியின் பழைய மதில்களை இடித்துப் புதிதாகக் கட்டியதை மார்ட்டின் தன் நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். 1930-களில் பாரிஸில் மூன்று தொகுதிகளாக அச்சான அந்தக் குறிப்புகளை இன்றும் செஞ்சி வரலாறு எழுதுபவர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள்.

கம்பெனி நடுவில் அவரை சூரத்துக்கு மாற்றியது. 1686-ல் திரும்பி வந்தவர், செஞ்சியில் இருந்த மராட்டிய ஆளுநர் ஹர்ஜி மகாதிக் நிர்வாகத்திடம் பேசி, புதுச்சேரியில் கோட்டை கட்ட அனுமதி வாங்கினார்.

விற்கப்பட்ட ஊர்

1689-ல் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்றதும், தம்பி ராஜாராம் தப்பி வந்து செஞ்சியில் உட்கார்ந்தார். மராட்டிய அரசே இங்கிருந்துதான் நடந்தது. பின்னாடியே முகலாயப் படையும் வந்து முற்றுகை போட்டது. கிட்டத்தட்ட எட்டு வருஷம் நீண்ட முற்றுகை. உள்ளே இருப்பவருக்குப் பணம் வேண்டும். கையில் இருப்பதோ கடற்கரை ஊர்கள்.

1690-ல் ஆங்கிலேயர் கடலூர் அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை ராஜாராமிடம் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்து. குண்டு உப்பலவாடி என்ற பெயர் ஞாபகம் வருதா? அந்தக் கதைதான்.

அடுத்து டச்சுக்காரர்கள் பணத்தோடு வந்தார்கள். அவர்கள் கேட்டது புதுச்சேரியை. ஐரோப்பாவில் பிரான்சும் டச்சும் போரில் இருந்த காலம். முற்றுகைக்குள் இருந்த ராஜாராம் தரப்பு அதையும் விற்றது. மார்ட்டின் 15 வருஷத்துக்கு மேல் செஞ்சியோடு கட்டிக் காத்த உறவு, ரொக்கத்துக்கு முன்னால் நிற்கவில்லை. 1693-ல் 19 கப்பல்களில் ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்களோடு டச்சுப் படை வந்தது. மார்ட்டினிடம் ஐரோப்பியர்கள் சில டஜன் பேர்தான், கூடவே சில நூறு உள்ளூர் ஆட்கள். செப்டம்பரில் சரணடைந்தார். அவரை பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு அப்போது வயது 60-ஐ நெருங்கியிருந்தது. ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை, வங்காளத்தில் சந்தர்நகருக்குப் போனார். அங்கே மருமகன் தெலாந்து பிரெஞ்சு அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

1697-ல் ஐரோப்பாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. புதுச்சேரியைத் திருப்பித் தரணும் என்று முடிவானது. டச்சுக்காரர்கள் சும்மா தரவில்லை. தாங்கள் கட்டிய கோட்டை வேலைகளுக்கு 16,000 வராகன் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். 1699-ல் மார்ட்டின் திரும்பி வந்தபோது செஞ்சியில் மராட்டியர் இல்லை. 1698-லேயே முகலாயர் பிடித்துவிட்டார்கள். மறுபடியும் புது ஆட்கள், புதுப் பரிசுகள், புதுப் பேச்சுவார்த்தை.

இந்த முறை அவர் பெரிய கோட்டையாகவே கட்டினார். 1701-ல் இந்தியாவில் உள்ள பிரெஞ்சு அலுவலகங்களுக்கெல்லாம் புதுச்சேரிதான் தலைமை என்றானது. நெசவாளர்களும் வியாபாரிகளும் குடியேற, ஊர் பெருகியது. 1706 ஆகஸ்டில் லூயி கோட்டை திறக்கப்பட்டது. அதே வருஷம் டிசம்பர் கடைசியில் மார்ட்டின் இறந்தார். கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கோட்டை இப்போ இல்லை. 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிவிட்டார்கள். அவர் பெயரில் ஒரு வீதி மட்டும் புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் பல வருஷம் குடியிருந்தது அந்த வீதியில்தான்.

செஞ்சி? 1750 செப்டம்பரில், புஸ்ஸி தலைமையில் புதுச்சேரியில் இருந்து கிளம்பிய பிரெஞ்சுப் படை ராத்திரியோடு ராத்திரியாக அதைப் பிடித்தது. மார்ட்டின் அனுமதி கேட்டுத் தூது அனுப்பிய அதே கோட்டை, 11 வருஷம் அவருடைய அலுவலகத்தின் கையில் இருந்தது.