கொடுமுடி கோகிலம்



பொழிச்சலூரில் பஸ் ஏறிப் பல்லாவரம் வந்து, அங்கிருந்து மின்சார ரயிலில்தான் தினமும் வகுப்புக்கு வருகிறேன். ரயிலில் பாட்டுப் பாடிக் காசு கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் முன்பெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்வேன். அதை மாற்றியவர் கே.பி. சுந்தராம்பாள் அம்மையார்.

போன செமஸ்டரில் கணக்கில் எனக்கு அரியர் விழுந்தது. எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்தது நான்தான் முதல். படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போயிடலாம் என்றே இருந்தேன். அன்று டி.வி.யில் 'ஔவையார்' படம். தோல் கம்பெனியில் வேலை பார்த்துட்டு வந்த அம்மா எனக்குப் புத்தி எதுவும் சொல்லவில்லை. அந்த நடிகை சின்ன வயசில் ரயிலில் பாடிப் பிழைத்தவர் என்று மட்டும் சொல்லுச்சு. மறுநாளே நூலகத்தில் தேடிப் படித்தேன்.

1908-ல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். குரல் வளத்தால் நாடகத்தில் சேர்ந்தார். ஆண் வேஷமும் போட்டார். உடன் நடித்த செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை 1927-ல் மணந்தார். 1933-ல் கிட்டப்பா காலமானபோது அம்மையாருக்கு வயது 25. வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

ஜோடியில்லாமல் ஒரு நடிகை என்ன செய்ய முடியும்? 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார்! சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அன்றைக்கு அது நினைச்சே பார்க்க முடியாத தொகை. பிறகு 1940-ல் 'மணிமேகலை', 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்', 1964-ல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள், 1965-ல் 'திருவிளையாட'லில் மறுபடியும் ஔவை. வயசாக வயசாக வேஷமும் அதற்கேற்ப வந்தது.

காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாட்டுப் பாடியவர், பிறகு சென்னை மேலவை உறுப்பினரும் ஆனார். 1969-ல் வந்த 'துணைவன்' படப் பாட்டுக்கு தேசிய விருது கிடைத்தது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார்.

நண்பர்களே, ஒரு வழி அடைத்துப் போனதும் அம்மையார் உட்கார்ந்து விடவில்லை. நான் ஒரே ஒரு பாடத்துக்காக உட்காரப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது. அரியருக்குப் பணம் கட்டி எழுதியிருக்கிறேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால் ரயிலில் இப்போது யார் பாடினாலும் நிமிர்ந்து பார்க்கிறேன், கையில் சில்லறை இல்லாவிட்டாலும்.