அவுரி இலையும் மால்பிகியும்

தூத்துக்குடி, திருநெல்வேலி மானாவாரி நிலங்களில் நீங்கள் பயிரிடும் சென்னா என்ற அவுரியும், வரப்போரம் தானாக முளைக்கும் ஆவாரையும் நெருங்கிய சொந்தம். இரண்டும் பயறு வகைக் குடும்பம்தான். பூவும் காயும் இருந்தால் நீங்களே பிரித்துவிடுவீர்கள். காய்ந்து நொறுங்கிய இலையை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தோலைப் பார்த்தால்தான் தெரியும். அப்படி முதலில் பார்த்தவர்களில் ஒருவர் மார்செல்லோ மால்பிகி.

இத்தாலியில் பொலோனியாவை அடுத்த கிரெவால்கோரேயில் 1628-இல் பிறந்தார். நிலமுள்ள குடும்பம். 21 வயதில் பெற்றோரை இழந்து, குடும்பப் பொறுப்பையும் சுமந்து, 1653-இல் மருத்துவரானார். பக்கத்து நிலத்து ஸ்பராலியா குடும்பத்துடன் எல்லைத் தகராறு இருந்தது. நம் ஊர் வரப்புச் சண்டை போலத்தான். கொலை வரை போய்விட்டது. அந்தக் குடும்பத்து மருத்துவர் ஒருவர், மைக்ராஸ்கோப் ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன பயன் என்று மால்பிகியை விடாமல் எதிர்த்தார்.

மெசினாவில் பேராசிரியராக இருந்தபோது, ஒடிந்த செஸ்ட்நட் கிளையில் நார் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். அதிலிருந்து செடிகளின் உள்ளமைப்பை ஆராயத் தொடங்கினார். லண்டன் ராயல் சொசைட்டி அவரது நூலை 1675-இலும் 1679-இலும் இரு பாகங்களாக வெளியிட்டது. இலையின் நுண்துளைகள் அதில் படமாக உள்ளன. பயறுச் செடியின் வேர்முடிச்சையும் வரைந்தார். ஆனால் அதைச் செடியில் வரும் கட்டிகளோடு சேர்த்துவிட்டார். 1684-இல் வீட்டில் தீப்பிடித்து மைக்ராஸ்கோப்புகளும் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்தன. அப்போது வயது 56. ஆனாலும் வேலையை விடவில்லை. பிறகு போப்பாண்டவரின் மருத்துவராக ரோமுக்குப் போய், 1694-இல் அங்கேயே இறந்தார்.

அவர் பார்த்த துளைகளைப் பிற்காலத்தவர் எண்ணவே தொடங்கினார்கள். இலைத்தோலின் செல்களும் துளைகளும் சேர்த்து 100 என்றால், திருநெல்வேலி சென்னாவில் துளைகள் சுமார் 17 முதல் 20. முன்பு தனி இனமாகக் கருதப்பட்ட அலெக்சாந்திரியா சென்னாவில் 11 முதல் 13 வரைதான். ரோமத்தின் நீளம், அடர்த்தி, துளையை ஒட்டிய செல்களின் அமைப்பு எல்லாம் கூடுதல் அடையாளம். மருந்துக்கு இலை வாங்குமிடத்தில் கலப்படம் இப்படித்தான் பிடிபடுகிறது.

நீங்களும் பார்க்கலாம். பச்சை இலையின் அடிப்புறம் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவுங்கள். காய்ந்ததும் செலோடேப் ஒட்டி உரித்து, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். ஆவாரை இலையையும் அதேபோல் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இலை பறிக்கும் முன் வயலுக்குள் முளைத்த ஆவாரையைப் பிடுங்கிவிடுங்கள். காயவைத்த பிறகு பொறுக்கி எடுக்க முடியாது.