செல்லின் ஆற்றலையும் பெருக்கத்தையும் ஆராய்ந்த எல்லாப்ரகட சுப்பாராவ்

மாணவர்களே, பள்ளியில் வாரந்தோறும் உங்களுக்கு வழங்கப்படும் நீல நிற மாத்திரையில் இரும்புச்சத்துடன் போலிக் அமிலமும் உள்ளது. அந்த அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிய ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில்தான் வென்றார். மருத்துவம் பயின்றபோது கதராடை அணிந்து அறுவை அரங்கிற்குச் சென்றது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குத் தம் சகோதரரையும் பறிகொடுத்தார். இந்நோயில் குடல் சத்துகளை உறிஞ்சாது. உடல் மெலியும், இரத்தம் குன்றும். அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை.

1923-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்து, இரவில் மருத்துவமனையில் கடைநிலை ஊழியராக உழைத்தபடியே ஹார்வர்டில் பயின்றார். அங்கு சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளவிடும் முறையை 1925-இல் வெளியிட்டார். மருத்துவ மாணவனாக ஆய்வகத்தில் அம்முறையைச் செய்து பார்த்தபோதுதான் நானும் அவர் பெயரை முதன்முதலில் அறிந்தேன்.

அந்த அளவீடே அடுத்த கதவைத் திறந்தது. தசை சுருங்கும்போது பாஸ்பரஸ் சேர்மங்கள் மாறுவதை அவர்கள் கண்டனர். முதலில் பாஸ்போகிரியேட்டின், பின்னர் 1929-இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரை பாஸ்பேட் பிரித்தெடுக்கப்பட்டன. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார். நீங்கள் உண்ணும் சோற்றின் ஆற்றலைச் செல் நேரடியாகச் செலவிட இயலாது. மைட்டோகாண்ட்ரியா அதனை ஏ.டி.பி.யாக மாற்றித் தருகிறது. அதன் பாஸ்பேட் ஒன்று பிரியும்போது வெளிப்படும் ஆற்றலால்தான் தசை சுருங்குகிறது.

இத்தனைக்குப் பின்னும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பணி தரவில்லை. 1940-இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அவருடைய குழு 1945-இல் போலிக் அமிலத்தின் தொகுப்பை அறிவித்தது.

இதன் பணியைச் சற்று நின்று கவனியுங்கள். ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதன் கூறுகளுள் ஒன்றான தைமினை ஆக்கப் போலிக் அமிலம் தேவை. உங்கள் எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. இவ்வமிலம் குறைந்தால் முன்னோடிச் செல்கள் பருக்குமேயன்றி உரியவாறு பிரியா, இரத்தசோகை தோன்றும். ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தம் குன்றியதற்கும் இதுவே முக்கியக் காரணம். சகோதரரைக் காக்கக்கூடிய மருந்து சுமார் கால் நூற்றாண்டு தாமதமாக அவர் கைக்கு வந்தது.

புற்றுநோய்ச் செல்லும் பிரிவதற்கு இதே அமிலத்தையே நாடுகிறது. எனவே போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் பணியைத் தடுக்கும் சேர்மங்களை அக்குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இம்முடிவுகள் 1948 ஜூனில் வெளியாயின. அவ்வாண்டு ஆகஸ்டில், 53-ஆம் வயதில், தாயகம் திரும்பாமலேயே சுப்பாராவ் மறைந்தார். அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் இன்றும் மருத்துவர் மேற்பார்வையில் அளிக்கப்படுகிறது.