வ. வே. சு. ஐயரும் சரண்புகுந்தோர் உரிமையும்

ஓர் அரசாங்கத்தின் கோபத்துக்குத் தப்பி வேறோர் அரசாங்கத்தின் எல்லைக்குள் புகுந்தவனுக்கு உள்ள உரிமை எவ்வளவு? இதைச் சட்ட நூல்களில் பயின்றோர் பலர். தம் வாழ்க்கையிலேயே பரீட்சித்தறிந்த தமிழர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் அவர்கள்.

ஐயர் 1881 ஏப்ரல் 2-ந் தேதி திருச்சியைச் சார்ந்த வரகனேரியில் பிறந்தார். திருச்சியிலும் ரங்கூனிலும் வக்கீல் தொழில் நடத்தி, 1907-ல் பாரிஸ்டர் பட்டம் கருதி லண்டன் சென்றார். அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கரின் நட்பு வாய்த்தது. பட்டத்தைத் துறந்து தேசத்தொண்டை மேற்கொண்டார்.

1910 மார்ச்சு மாதத்தில் சாவர்க்கர் லண்டனில் கைதியானார். ஜூலை 8-ந் தேதி மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் கப்பலினின்று குதித்து நீந்திப் பிரெஞ்சு மண்ணை மிதித்தார். பிரெஞ்சுக் காவலரோ அவரைப் பிடித்து ஆங்கிலப் போலீசாரிடமே ஒப்புவித்தனர். பிரான்ஸ் அவரைத் திருப்பிக் கேட்க, விவகாரம் ஹேக் நகரத்து மத்தியஸ்த நீதிமன்றம் சென்றது. 1911 பிப்ரவரி 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒப்புவித்ததில் முறைகேடு உண்டு. ஆயினும் திருப்பித் தரும் கடமை பிரிட்டனுக்கு இல்லை என்றது மன்றம். வழக்காடியவை இரண்டு சாம்ராஜ்யங்கள். எவரது சுதந்திரம் பற்றிய வழக்கோ, அவருக்கு அங்கே கட்சிக்காரர் என்ற ஸ்தானமும் இல்லை. சாவர்க்கர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்.

இதற்கு முன்பே, 1910 டிசம்பரில், ஐயர் முஸ்லீம் வேடத்தில் புதுச்சேரி சேர்ந்துவிட்டார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கே அவருக்கு முன்னரே சரண்புகுந்திருந்தனர். அரசியல் குற்றம் சாட்டப்பட்டோரை ஒப்புவிப்பதில்லை என்ற ஐரோப்பிய வழக்கம் அவர்களுக்கு அரணாயிற்று. அரணைச் சுற்றிலும் ஆங்கில ஒற்றர் நிறைந்திருந்தனர். எல்லைக்கு அப்பால் ஓரடி வைத்தால் சிறை என்பது நிச்சயம்.

1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு வீசிய பின், தேசபக்தர்களை ஆப்பிரிக்காவுக்கு நாடுகடத்தும்படி ஆங்கிலேயர் பிரெஞ்சு அதிகாரிகளை நெருக்கினர். யுத்தத்தில் இரு அரசுகளும் நேசநாடுகள். சரண் தந்த கையே தள்ளிவிடுமோ என்ற நிலையில், தம் நினைவாக ஒன்று எஞ்சட்டும் என்று ஐயர் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். நாடுகடத்தல் நிகழவில்லை. ஆயினும் சுமார் பத்தாண்டுகள் கழித்து அவருக்கு வெளிவாயில் திறந்தது எந்த நீதிமன்றத் தீர்ப்பாலும் அன்று. யுத்தம் முடிந்தபின் வந்த பொதுமன்னிப்பினால்தான்.

பின்னர்த் தேசபக்தன் பத்திரிகையை நடத்தி, 1921-ல் ராஜத்துரோகக் குற்றத்துக்காகப் பெல்லாரிச் சிறை சென்றார். அங்கே கம்பராமாயண ஆராய்ச்சி எழுதினார். 1922-ல் நிறுவிய குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. பிராமணச் சிறுவர் சிலருக்கு அங்கே தனிப் பந்தி இடப்பட்டதை டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானதே. அந்நிய அரசிடம் சமத்துவம் கேட்டவர், பெற்றோருக்கு அஞ்சித் தம் கூடத்தில் அதைக் குறைத்தார். இதனை மறைத்து அவர் சரிதத்தை எழுதுதல் தகாது. 1925 ஜூன் மாதம் பாபநாச அருவியில் தவறி விழுந்த மகளைக் காக்க முயன்று உயிர் நீத்தார்.

1948-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனம், கொடுமைக்குத் தப்பியோர் பிற நாட்டில் புகலிடம் தேடவும் அடைந்து அனுபவிக்கவும் உரிமை உண்டு என்றது. தரவேண்டியது எவர் கடமை என்பதைச் சொல்லாமல் விட்டது. 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையொப்பமிடவில்லை. புதுச்சேரி தந்த நிழலில் தமிழும் தேசமும் அடைந்த பயன் பெரிது. அந்நிழலை நினைத்துப் பெருமை கொள்ளும் நாம், நம் வாயிலில் வந்து நிற்பவனுக்கு அதைச் சட்டமாக்கித் தரக் கடமைப்பட்டுள்ளோம். நம் வீட்டுப் பந்தியிலும் அதே நீதியை வழங்கக் கடமைப்பட்டுள்ளோம்.