பனியில் வழி சமைத்தவர்

பாலையூற்றிலே பனிக்கட்டி பெய்வதில்லை. மாரி மழையும் கோடைக் கச்சானுமே நாம் அறிந்த பருவங்கள். ஆயினும் உறைபனிமேல் ஓடும் வண்டியைப் படைத்த கனடா நாட்டவர் ஒருவரின் வரலாற்றை இங்கிருந்து எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு.

1990களில் ஒரு மாரி இரவு. என் சிறு மகளுக்குக் கடுங்காய்ச்சல். அயலில் இருந்தது பழைய ஒஸ்ரின் கார் ஒன்றே; அதன் விசிறியைச் சுழற்றும் பெல்ற் அறுந்து கிடந்தது. புதியது வாங்கக் கடையும் இல்லை, காலமும் இல்லை. அடுத்த வீட்டு மெக்கானிக் லொறி ரியூப் ஒன்றை வளையமாக வெட்டிப் பூட்டினார். கார் வைத்தியசாலையை அடைந்தது, பிள்ளை பிழைத்தாள். பின்னாளில் ஜோசப் அர்மான் பொம்பார்டியேயின் வாழ்க்கையைப் படித்தபோது, பிழையாத பிள்ளை ஒன்றின் கதை அதன் நடுவே நிற்கக் கண்டேன்.

அவர் 1907இல் கியூபெக் மாகாணத்தின் வால்கூர் என்னும் சிற்றூரில், எட்டுப் பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். வீட்டுப் பொருள்களைக் கழற்றிப் பார்க்கும் மகனின் கைக்குத் தந்தை பழுதான ஃபோர்டு எஞ்சின் ஒன்றைக் கொடுத்தார். பதினைந்தாம் வயதில் அதனைப் பனிச்சறுக்கு வண்டியிலேற்றிக் காற்றாடி பூட்டி ஓட்டிக் காட்டினார். குருத்துவக் கல்வியை விட்டுத் தொழில் பயின்று, 1926இல் சொந்தக் கராஜ் திறந்தார். வாங்க இயலாத கருவிகளைத் தாமே செய்தார். அருகிலோடிய ஓடையை மறித்து அவற்றுக்கு விசையும் பெற்றார்.

1934 பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியால் வீழ்ந்தான். வைத்தியசாலையோ ஐம்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஷெர்புரூக்கில். பாதைகளைப் பனி மூடியிருந்தது. அவர் கராஜில் அதைக் கடக்கவல்ல வண்டி இல்லை. பிள்ளை இறந்தான். ஊரெங்கும் வாகனங்களைத் திருத்தியவர் தம் மகனுக்கு ஒரு வாகனம் இல்லாமல் நின்றார்.

முன்பே தொடங்கிய முயற்சி அதன்பின் நோன்பாயிற்று. பனி ஒட்டாதபடி ரப்பர் போர்த்திய பற்சக்கரம்; இரு ரப்பர்ப் பட்டைகளை உருக்குக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த தொடர்பட்டை; முன்னே சறுக்குச் சட்டங்கள். இந்த அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். எழுவர் செல்லும் வண்டியும், பின்னர் வட்டச் சாளரங்களுடைய பன்னிருவர் வண்டியும் தோன்றின. வைத்தியரும் தபாற்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றில் சென்றனர்.

1942இல் தம் நிறுவனத்தை அமைத்தார். அவ்வாண்டு ஏப்ரல் 9இல்தான் திருகோணமலைத் துறைமுகத்தில் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளுக்கு இயற்கை ரப்பரின் முதன்மை ஊற்றாக எஞ்சியது இலங்கையே. ரப்பரின் அருமையை உலகம் உணர்ந்த ஆண்டு அது.

1948இல் கிராமப் பெருவீதிகளிலும் பனியகற்ற வேண்டுமெனக் கியூபெக் அரசு சட்டமியற்றியது. வண்டி விற்பனை ஏறத்தாழப் பாதியாயிற்று. அவர் சோரவில்லை. சதுப்பு நிலத்திற்கும் காட்டுத் தொழிலுக்கும் 1953இல் மஸ்கெக் என்னும் இழுவை வண்டியை ஆக்கினார். மூத்த மகன் உருவாக்கிய இணைப்பற்ற ரப்பர்ப் பட்டை, 1959இல் சிறு வண்டியாகிய ஸ்கி-டூவுக்கு வழி திறந்தது. முதற் பருவத்தில் விற்றவை 225. புற்றுநோயால் 1964 பெப்ரவரி 18இல், 56ஆம் வயதில் மறைந்தார். அவருடைய முதற் கராஜை வால்கூர் அருங்காட்சியகம் பேணி வருகிறது.

மொன்றியலில் வாழும் என் மருமகன், பழைய பன்னிருவர் வண்டிகளை இன்றும் பேணுவோர் படும் பாட்டைச் சென்ற ஆண்டு எழுதியிருந்தான். எஞ்சினுக்குப் பாகம் தேடுவது பெரும்பாடன்று. அது ஃபோர்டும் கிறைஸ்லரும் எண்ணற்ற கார்களுக்குச் செய்தளித்தது. அரிது, அந்தப் பற்சக்கரமும் தொடர்பட்டையுமே. களஞ்சியத்தில் உழுத்துக் கிடக்கும் ஒரு வண்டியைக் கழற்றி மற்றொன்றுக்குப் பூட்டுகிறார்கள். அதுவும் கிட்டாவிடில் பழையதை அளவெடுத்துப் புதிதாக வார்க்கிறார்கள்.

இதில் ஒரு நியாயம் உண்டென எனக்குத் தோன்றுகிறது. பிறரிடம் பெற்றவை எங்கும் கிடைக்கின்றன. தம் துயரிலிருந்து அவர் சமைத்தவைதாம் கிடைத்தற்கு அரியவை. அவற்றைத் தேடுவோர் கடையில் கிடைக்காதபோது அவரைப் போலவே கையால் செய்துகொள்கிறார்கள். என் அடுத்த வீட்டு மெக்கானிக்கும் அன்றிரவு அதையே செய்தார். அவர் பொம்பார்டியேயின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் இருவரையும் ஒரே தொழிலின் உறவினராகவே நான் எண்ணுகிறேன்.