பெஸ்கியா, பெஷியா? வீரமாமுனிவரின் இத்தாலியக் குடும்பப் பெயர் என்ன ஆச்சு?

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் சாலையில் இருபுறமும் வானம் பார்த்த பூமிதான். அதே கரிசலின் தொடர்ச்சியில், கோவில்பட்டி பக்கம் இருக்கிறது காமநாயக்கன்பட்டி. சுமார் 300 வருஷத்துக்கு முன்னால், தமிழ்நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் இத்தாலியப் பாதிரியார் இங்கே பணியாற்றினார். நாம் அவரை வீரமாமுனிவர் என்கிறோம். ஆங்கிலப் புத்தகங்களில் அவர் வெறும் 'பெஸ்கி'.

யார் இவர்?

1680-ல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, 1710-ல் கோவாவில் வந்து இறங்கினார். இத்தாலிய மொழியில் அவர் பெயர் கொஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. ஆங்கிலத்தில் முதல் இரண்டும் கான்ஸ்டன்டைன் ஜோசப் என மாறின. குடும்பப் பெயர் மட்டும் அப்படியே நின்றது.

எப்படி உச்சரிப்பது?

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் பலருக்கும் 'பெஷி' என்றுதான் வாயில் வரும். ஆனா இத்தாலியில் விதி வேறு. 'சி' எழுத்துக்குப் பின் 'ஐ' வந்தால் 'ச்சி' என்ற ஒலி. ஹேண்ட்பேக் பிராண்ட் 'குச்சி' அப்படித்தான். நடுவில் 'ஹெச்' நுழைந்தால் 'க' ஒலி. கஃபேயில் நாம் 'புருஷெட்டா' என்று ஆர்டர் செய்வதும் உண்மையில் 'புருஸ்கெட்டா'தான். அதே கணக்கில் இவர் பெஸ்கி.

தமிழில் ஏன் காணோம்?

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு இது புரியும். ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்கக் குடும்பப் பெயரே போதும். தமிழில் அந்த வழக்கம் இல்லை. அதனால் இங்கே எடுபட்டது அவரது முதல் பெயர். கான்ஸ்டன்டைன் என்றால் உறுதி தளராதவர் என்று பொருள். அதையொட்டி முதலில் தைரியநாதர் ஆனார், பிறகு வீரமாமுனிவர். பேருக்கு ஏற்ற சோதனையும் வந்தது. 1714-15 வாக்கில் மரண தண்டனையிலிருந்து தப்பினார்.

எழுத்துக் குழப்பத்தைத் தீர்த்தவர்

உச்சரிப்புக் குழப்பத்தில் மாட்டிய இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்தான், தமிழில் ஒரு பெரிய உச்சரிப்புக் குழப்பத்தைத் தீர்த்தவர். அப்போது எகர, ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைத்து நெடிலிலிருந்து பிரிப்பது மரபு. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். 'எரி'யா, 'ஏரி'யா என்பதை இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். இன்று போனில் நாம் தட்டும் 'ஏ'யும் சுழித்த கொம்பும் அந்த வழியில் வந்தவை.

3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி, 1732-ல் முடித்த சதுரகராதி, பரமார்த்த குரு கதை எல்லாம் அவருடையவை. 1747-ல் மறைந்தார்.

இதில் நமக்கு என்ன?

1822-ல் பெஞ்சமின் பாபிங்டன், இவரது செந்தமிழ் இலக்கணத்தையும் பரமார்த்த குரு கதையையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரண்டிலும் ஆசிரியர் பெயர் பெஸ்கிதான். மெரினாவில் 1968-ல் வைத்த சிலையோ வீரமாமுனிவருக்கு. ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடுகிறவருக்குப் பாதி மனிதர்தான் கிடைப்பார். அடுத்த முறை தேடும்போது இரண்டையும் தட்டிப் பாருங்க.