நிலவுக்குப் போன எழுத்து... வேலையை இழந்த மனிதர்!

நிலவுல ஒரு ஸ்டீல் தகடு இருக்கு. 1969-ல் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் விட்டுட்டு வந்தது. அதுல இருக்குற வாசகம் 'ஃபியூச்சுரா' என்ற ஃபான்ட்ல எழுதப்பட்டது. சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்துல இருக்குமே 'சுப்ரீம்' லோகோ, அதுவும் இதே ஃபான்ட் குடும்பம்தான். இதை உருவாக்கியவர், ஜெர்மனியின் பால் ரென்னர்.

1878-ல் வெர்னிகெரோடே என்ற ஊரில் பிறந்த ரென்னர், முதலில் ஓவியர். பிறகு புத்தக வடிவமைப்பாளர். அந்தக் காலத்து ஜெர்மன் புத்தகங்களில் கொம்பும் முறுக்குமா இருக்கும் 'ஃப்ராக்டூர்' எழுத்துதான் அதிகம். 'புது யுகத்துக்குப் பழைய அலங்காரம் எதுக்கு?' என்பது ரென்னரின் கேள்வி. வட்டம், முக்கோணம், சதுரம்... இந்த மூணை வெச்சே எழுத்துகளை வரைய ஆரம்பிச்சார். 1927-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டின் பவர் அச்செழுத்து நிறுவனம் ஃபியூச்சுராவை வெளியிட்டது.

பார்க்க காம்பஸ், ஸ்கேல் வெச்சு வரைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா, உண்மையில் அப்படி இல்லை. வளைவும் நேர்க்கோடும் சேரும் இடத்தில் கோட்டைக் கொஞ்சம் மெலிசாக்கியிருப்பார். இல்லைன்னா அந்த இடம் கண்ணுக்குத் தடிச்சுத் தெரியும். கணக்கைவிடக் கண்ணை நம்பினவர் அவர்.

வாழ்க்கையிலும் கண்ணுக்குப் பட்டதைச் சொல்லத் தயங்கலை. நாஜிகள் நவீனக் கலையை எல்லாம் 'கம்யூனிஸ சதி'ன்னு தாக்கினப்போ, 1932-ல் அவர்களை எதிர்த்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். அப்போ அவர் மியூனிக்கில் அச்சுக்கலைப் பள்ளியின் தலைவர். வாய மூடிட்டு இருந்திருந்தா பதவி பத்திரமா இருந்திருக்கும். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரலில் ரென்னர் கைது செய்யப்பட்டார். சீக்கிரமே விடுதலை ஆனாலும், பதவி போயிருச்சு.

ஆனா, ஃபியூச்சுரா நிக்கலை. 1959-ல் தொடங்கிய ஃபோக்ஸ்வேகனின் புகழ்பெற்ற விளம்பரங்கள், வெஸ் ஆண்டர்சனின் 'தி ராயல் டெனன்பாம்ஸ்' படம்னு போயிட்டே இருந்தது. நீங்க போஸ்டர் பண்றவரா? தலைப்புக்குப் பெரிசா, பெரிய எழுத்துகளில், நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு வெச்சுப் பாருங்க... கெத்தா இருக்கும். நீளமான பாராவுக்கு வேணாம். வட்ட எழுத்துகள் எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சு, படிக்கிறவங்க கண்ணு களைச்சுரும்.

பதவி போன பிறகு ரென்னர் மறுபடி ஓவியத்துக்குத் திரும்பினார். அச்செழுத்து பற்றியும் எழுதினார். 1956-ல், 77 வயதில் இறந்தார். 13 வருஷம் கழிச்சு நிலவில் இறங்கின அந்தத் தகட்டில் நிக்ஸன் பேர் இருக்கு, மூணு விண்வெளி வீரர்கள் பேர் இருக்கு. ரென்னர் பேர் இல்லை. எழுத்து மட்டும் இருக்கு!